ஆறு நிலையங்கள், ஒரே உரிமையாளர்: ஒலிபரப்பு உடைமை விதிகள் தளர்ந்தபின் சிறு நகரங்களில் செய்திப் பன்மை என்ன ஆகிறது?

கதிரவன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தையும் அதற்குப் பின் அங்கு வானொலி, தொலைக்காட்சி உடைமை விதிகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டதையும் படித்துவருகிறேன். அந்தச் சட்டத்துக்கு முன்பு ஒரு நிறுவனம் நாடு முழுவதிலும் 20 ஏ.எம்., 20 எஃப்.எம். நிலையங்கள் வரைதான் வைத்துக்கொள்ள முடிந்தது. சட்டம் அந்த உச்சவரம்பை முழுவதுமாக நீக்கிவிட்டு, ஒவ்வொரு சந்தைக்கும், அதாவது நிலையங்கள் ஒரே நேயர்களுக்காகப் போட்டியிடும் பகுதிக்கும், தனித்தனி வரம்பை மட்டும் விட்டுவைத்தது. ஏறத்தாழ 40 நிலையங்கள் வைத்திருந்த கிளியர் சேனல் நிறுவனம் ஆறே ஆண்டுகளில் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு உரிமையாளரானது என்பது இதன் நேரடி விளைவு.

எந்தக் கட்டுரையை எடுத்தாலும் வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரம் வந்துவிடுகிறது. 2002 ஜனவரி 18 அன்று அதிகாலை ஒன்றரை மணியளவில் அந்நகரின் ஓரத்தில் சரக்கு ரயில் தடம்புரண்டு, ஐந்து டாங்கர் பெட்டிகள் பிளந்து, நீரற்ற அம்மோனியா வாயு வெண்மேகமாக ஊருக்குள் பரவியது. ஒருவர் இறந்தார், முந்நூறுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அந்த நேரத்தில் ஊரின் ஆறு வணிக வானொலி நிலையங்களும் கிளியர் சேனலிடம் இருந்தன. காவல் துறையினர் தொலைபேசியில் அழைத்தும் நிலையத்திலிருந்து உடனே பதில் கிடைக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. அங்கே ஓர் ஊழியர் இருந்தார் என்றும், அவசர அறிவிப்புக் கருவியைக் காவல் துறையே சரிவர இயக்கவில்லை என்றும் நிறுவனம் பின்னர் விளக்கம் அளித்தது.

எனக்கு இரண்டு ஐயங்கள். முதலாவது, இவ்வளவு பேரும் உடைமைக் குவிப்பைக் குறை கூறும்போது, பொருளியலாளர்கள் ஸ்டீவன் பெர்ரி, ஜோயல் வால்ட்ஃபோகல் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, நிலையங்கள் ஒரு கைக்குள் வந்தபின் நிகழ்ச்சி வகைகளின் பன்மை கூடியது என்றல்லவா சொல்கிறது? இரண்டாவது, விளம்பர வருவாய் மெலிந்த சிறு நகரத்தில் பல உரிமையாளர்கள் இருக்கவேண்டும் என்று விதி வைப்பதே அந்த நிலையங்களை மூடவைத்துவிடாதா? துறை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

செந்தாமரை

கதிரவன், தங்கள் முதல் ஐயத்திலேயே விடைக்கான திறவுகோலும் இருக்கிறது. பெர்ரி, வால்ட்ஃபோகல் ஆய்வு சரியானதே. ஆனால் அது எதை அளந்தது என்பதைப் பார்க்கவேண்டும். அது அளந்தது இசை வகைகளையும் பேச்சு நிகழ்ச்சி வகைகளையும்தான். ஊர்ச் செய்தியை எத்தனை பேர் தனித்தனியாகத் திரட்டுகிறார்கள் என்பது அதன் கணக்கில் இல்லை.

பீட்டர் ஸ்டைனர் என்ற பொருளியலாளர் 1952லேயே இதன் அடிப்படையை எழுதிவிட்டார். ஓர் ஊரில் ஆறு நிலையங்கள் ஆறு பேரிடம் இருந்தால், அதிகக் கூட்டம் எந்தப் பாட்டைக் கேட்கிறதோ அதையே பலரும் ஒலிபரப்பி அந்தக் கூட்டத்தைப் பங்குபோட முனைவார்கள். ஆறும் ஒருவரிடமே இருந்தால், தன் நிலையத்தின் நேயரைத் தன் இன்னொரு நிலையமே பறிப்பதில் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை. ஆகவே ஒன்றில் நாட்டுப்புற இசை, ஒன்றில் ராக், ஒன்றில் பழைய பாடல்கள், ஒன்றில் விளையாட்டு என்று பிரித்து வைப்பார். அந்த அளவில் கேட்பவருக்கு நன்மைதான்.

இதே தர்க்கத்தைச் செய்திக்குப் பொருத்திப் பாருங்கள், விளைவு தலைகீழாகிறது. பாடல் பட்டியலை மாற்றச் செலவு அதிகமில்லை. ஒரு செய்தியறையை நடத்துவதென்றால் செய்தியாளர், ஒளிப்பதிவாளர், வண்டி, ஆசிரியர் என்று மாதந்தோறும் நிலையான செலவு. ஒரே உரிமையாளர் ஆறு நிலையங்களுக்கு ஆறு செய்தியறைகளை ஏன் வைத்திருக்கவேண்டும்? தானே தன்னோடு போட்டியிட்டு முந்தித் தரவேண்டிய செய்தி என்று அவருக்கு ஒன்றும் கிடையாது. ஒரே செய்தித் தொகுப்பை ஆறிலும் வாசித்துவிடலாம். இசையை அகலமாக்கும் அதே கணக்கு செய்தியைக் குறுக்கிவிடுகிறது. இவ்விரண்டையும் ‘பன்மை’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதால்தான் இரு தரப்பினரும் ஒருவரோடொருவர் பேசாமல் ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மைனாட்டில் ஆறு நிலையங்கள் எப்படி ஒருவரிடம் சேர்ந்தன என்பதும் கவனிக்கத்தக்கது. 14 அல்லது அதற்கும் குறைவான நிலையங்கள் உள்ள சந்தையில் ஒருவர் ஐந்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, அதுவும் மொத்தத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் ‘சந்தை’ என்பதை, அமெரிக்காவில் ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் (எஃப்.சி.சி.) ஊர் எல்லையால் அளக்கவில்லை. நிலையங்களின் அலைபரப்பு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியை வைத்து அளந்தது. சமவெளியில் அலை வெகுதூரம் போகும். அதனால் எங்கோ இருக்கும் நிலையங்களும் எண்ணிக்கையில் சேர்ந்து, சிறிய ஊர் தாளில் பெரிய சந்தையாகிவிட்டது. 2003இல் ஆணையமே இந்தக் குறையை ஒப்புக்கொண்டு, நேயர் கணக்கெடுப்பு நிறுவனம் வரையறுத்த எல்லைகளுக்கு மாறியது. உடைமை வரம்பு எத்தனை என்பதைவிட, எந்த வேலிக்குள் எண்ணுகிறோம் என்பது சிறு நகரங்களைப் பொறுத்தவரை முக்கியமானது. ஆய்வேட்டில் இதற்கு ஓர் இயலையே ஒதுக்கலாம்.

தொலைக்காட்சியில் இன்னும் தெளிவான ஓர் எடுத்துக்காட்டு தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரம். ஒரு சந்தையில் நேயர் எண்ணிக்கையில் முதல் நான்கு இடங்களில் உள்ள நிலையங்களில் இரண்டை ஒருவர் வைத்திருக்கக்கூடாது என்பது அப்போதைய விதி. சிறு சந்தையில் சொந்தச் செய்தியறை வைத்திருப்பவை பெரும்பாலும் அந்த முதல் நான்குக்குள்தான் இருக்கும். ஆகவே பெயருக்கு அது நிலையங்களின் எண்ணிக்கையைப் பற்றிய விதியானாலும், நடைமுறையில் செய்தியறைகளைக் காக்கும் விதியாகவே இயங்கியது. 2017இல் ஆணையம் அதில் விலக்குக் கேட்க வழி திறந்தது. சூ ஃபால்ஸில் ஏ.பி.சி. என்ற தேசியத் தொலைக்காட்சி வலையமைப்பின் இணைப்பு நிலையமான கே.எஸ்.எஃப்.ஒய்.-ஐ வைத்திருந்த கிரே நிறுவனம், என்.பி.சி. இணைப்பு நிலையமான கே.டி.எல்.டி.-யையும் வாங்க 2019 செப்டம்பரில் ஒப்புதல் பெற்றது. முதலிடத்தில் அசையாமல் இருந்த கெலோ நிலையத்தோடு போட்டியிட இரண்டும் சேர்ந்தால்தான் முடியும் என்பது அந்நிறுவனத்தின் வாதம். 2020 ஜனவரியில் இரண்டு செய்தியறைகளும் ‘டகோட்டா நியூஸ் நவ்’ என்ற ஒரே பெயரில் ஒன்றாயின. இரண்டு உரிமங்கள் இன்றும் இருக்கின்றன, தொலையியக்கியில் இரண்டு எண்களும் இருக்கின்றன. ஒரு செய்தியை இருவர் தனித்தனியே தேடிப்போகும் நிலைமைதான் அங்கே இல்லாமல் போயிற்று.

இளங்கோ

சிறு நிலையங்களுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்.

செந்தாமரை அம்மா சொன்னது கோட்பாட்டளவில் பொருந்தும். ஆனால் அந்தச் செய்தியறைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? சிறு நகரத்தில் விளம்பரம் தருபவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்: இரண்டு மூன்று கார் விற்பனையாளர்கள், ஒரு வங்கி, ஒரு மளிகைக் கடைத் தொடர், மருத்துவமனை, தேர்தல் வந்தால் வேட்பாளர்கள். இவர்களுடைய பணத்தில் பெரும்பகுதி கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்விட்டது. ஒளிபரப்புக் கோபுரத்தின் மின்கட்டணமோ நேயர் குறைந்தார்கள் என்பதற்காகக் குறைவதில்லை. பெருநகரத்து நிலையத்துக்கும் சிற்றூர் நிலையத்துக்கும் கருவிகளின் விலை ஏறத்தாழ ஒன்றுதான். வருவாய் மட்டும் பத்தில் ஒரு பங்கு.

தொலைக்காட்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு. கேபிள், செயற்கைக்கோள் நிறுவனங்கள் நிலையத்தின் ஒளிபரப்பை எடுத்துக் காட்டுவதற்குத் தரும் மறுஒளிபரப்புக் கட்டணம் இப்போது வருவாயின் பெரிய தூணாகிவிட்டது. அந்தக் கட்டணத்தைப் பேசி வாங்குவதில் நூறு நிலையங்கள் வைத்திருப்பவரின் சொல்லுக்கு இருக்கும் எடை, ஒரு நிலையம் வைத்திருப்பவரின் சொல்லுக்கு இல்லை. குடும்ப உரிமையாளர்கள் விற்றுவிட்டுப் போவதற்கு ஆசையைவிட இந்தக் கணக்கே காரணம். பெரும் நிறுவனத்துக்கு விற்கக்கூடாது என்று தடுத்தால், வாங்குவதற்கு உள்ளூரில் வேறு ஆள் வரிசையில் நிற்பதில்லை.

விதியைக் கடுமையாக வைத்திருந்த காலத்திலும் நடந்தது என்ன? வேறொரு நிறுவனத்தின் பெயரில் உரிமத்தை வைத்துவிட்டு, விளம்பர விற்பனையையும் செய்தியையும் கட்டடத்தையும் பெரிய நிறுவனமே ‘பகிர்வு ஒப்பந்தம்’ மூலம் நடத்தியது. ஏட்டில் இரண்டு உரிமையாளர்கள், வாசலில் ஒரே பெயர்ப்பலகை. அப்படி மறைந்து நடப்பதைவிட வெளிப்படையாக வாங்க அனுமதித்து, செய்தியறையை நடத்தவேண்டும் என்ற கட்டாயத்தை விதிப்பது மேல் என்று நான் நினைக்கிறேன்.

மணிமேகலை

அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியில் படித்த காலத்தில், ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமான ஐந்து நிலையங்கள் இயங்கிய கட்டடத்தில் இரவுப் பணி செய்தேன். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

நீண்ட நடைக்கூடம், இருபுறமும் கண்ணாடிக் கதவுகள், ஐந்து ஒலிப்பதிவு அறைகள். இரவு ஏழு மணிக்கு மேல் ஐந்திலும் விளக்கு இருக்காது. இருட்டில் கணினித் திரைகள் மட்டும் ஒளிரும். திரையில் பாடல், விளம்பரம், அறிவிப்பாளர் குரல் என்று வண்ணக் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறிக்கொண்டே இருக்கும். “இன்றிரவு நம்ம ஊரில் நல்ல குளிர்” என்று பேசும் அந்தக் குரல் வேறொரு மாநிலத்தில் முந்தின நாளே பதிவானது. ஒரே ஆள் அரைமணி நேரத்தில் எட்டு ஊர்களுக்கு அப்படிப் பேசி அனுப்பிவிடுவார். ஒருமுறை தெற்கு டகோட்டாவின் தலைநகரை எழுத்துப் பார்த்து ‘பியேர்’ என்று உச்சரித்துவிட்டார். அந்தப் பக்கத்தார் எவரும் அதைப் ‘பியர்’ என்றுதான் சொல்வார்கள். மறுநாள் காலை வரவேற்பறைத் தொலைபேசிக்கு ஓய்வே இல்லை. அழைத்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், அவர்கள் குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுதியாக இருந்தது. தங்களோடு பேசிக்கொண்டிருப்பவர் தங்கள் ஊரில் இல்லை என்பது அன்றுதான் அவர்களுக்கு உறைத்தது.

என் பணி, ஐந்து கணினிகளும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதும், வானிலை எச்சரிக்கை வந்தால் அது தானாக ஒலிபரப்பாகிறதா என்று சரிபார்ப்பதும். ஒரு கோடை இரவில் சூறைக்காற்று எச்சரிக்கை ஐந்தில் நான்கில் மட்டும் ஒலித்தது. ஐந்தாவதில் காதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினால் கையால் இடைமறிக்க முடியும் என்பதை எனக்கு யாரும் கற்றுத்தந்திருக்கவில்லை. பொறியாளர் இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் வேறொரு நகரில் இருந்தார். அவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் சரிசெய்து முடிப்பதற்குள் இருபது நிமிடங்கள் கடந்துவிட்டன. அன்று காற்று ஊரை விலகிப் போயிற்று. அந்த இருபது நிமிடங்களை நான் இன்றுவரை மறக்கவில்லை. மைனாட்டைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்த நடைக்கூடம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

நண்பர் இளங்கோ சொல்லும் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கட்டடம் நட்டத்தில் ஓடவில்லை. அங்கே ஈட்டிய பணம் வாங்கிய கடனுக்கு வட்டியாக வெளியூருக்குப் போய்க்கொண்டிருந்தது. பள்ளி நிர்வாகக் குழுக் கூட்டங்களுக்குப் போய்வந்த ஒரே செய்தியாளரின் பணியிடம் நான் சேர்ந்த ஆண்டில்தான் நீக்கப்பட்டது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அதன்பிறகு அக்கூட்டங்களைப் பற்றி எந்த நிலையத்திலும் ஒரு வரிகூட வரவில்லை.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நிலையம் உரிமம் பெற்ற ஊரிலோ அதன் அருகிலோ ஒலிபரப்புக் கூடம் வைத்திருக்கவேண்டும் என்ற விதியை ஆணையம் 2017 அக்டோபரில் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் நீக்கிவிட்டது. எங்கள் கட்டடத்தில் இரவு நேரத்திலாவது ஒரு மாணவி இருந்தாள். இப்போது கட்டடமே இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கதிரவன்

மூவருக்கும் நன்றி. இளங்கோ ஐயா சொன்ன வருவாய்க் கணக்கோடு சேர்த்து, சிறு நகரத்து நேயர்களுக்கு உள்ளூர்ச் செய்தியில் ஆர்வம் குறைந்துவிட்டது, நிறுவனங்கள் அதற்கேற்ப நடந்துகொள்கின்றன என்று ஒருவர் வாதிட்டால் எப்படி மறுப்பது? மேலும், நீதிமன்றங்கள் இந்த வாதங்களை எப்படி எடைபோட்டன?

செந்தாமரை

முதல் கேள்விக்கு மிகப் பொருத்தமான ஆய்வு ஒன்று இருக்கிறது. 2017இல் சின்க்ளேர் நிறுவனம், பெரும்பாலும் சிறிய, நடுத்தரச் சந்தைகளில் நிலையங்கள் வைத்திருந்த பான்டன் மீடியாவை வாங்கியது. கிரெகரி மார்ட்டின், ஜோஷ் மெக்ரெயின் என்ற இரு அரசியல் ஆய்வாளர்கள், கைமாறிய நிலையங்களின் செய்திகளை அதே சந்தையில் கைமாறாத நிலையங்களின் செய்திகளோடு ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டார்கள். கைமாறியவற்றில் உள்ளூர் அரசியல் செய்தி குறைந்து தேசிய அரசியல் கூடியது. கருத்துச் சாய்வு வலப்பக்கம் நகர்ந்தது. கூடவே நேயர் எண்ணிக்கையும் சற்றுக் குறைந்தது. இந்தக் கடைசிக் கண்டறிதல்தான் தங்களுக்கு வேண்டியது. நேயர் விரும்பியதால் செய்தி மாறியிருந்தால் நேயர் கூடியிருக்கவேண்டும். ஒரே ஊர், ஒரே மக்கள், ஒரே காலம், மாறியது உரிமையாளர் மட்டுமே. தலைமையகத்தில் ஒருமுறை தயாரித்த தேசியச் செய்தியைப் பல ஊர்களில் ஓடவிட்டால் ஒவ்வோர் ஊரிலும் சில நேயர்களை இழந்தாலும் மிச்சமாகும் செலவு அதைவிட அதிகம் என்பதே இதற்கு நான் காணும் பொருளியல் விளக்கம்.

நீதிமன்றங்களைப் பொறுத்தவரை, 2003இல் ஆணையம் கொண்டுவந்த பெரும் தளர்வுகளைப் பிலடெல்பியாவில் உள்ள 3ஆம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டு நிறுத்திவைத்து, 2004இல் மறுஆய்வுக்காக ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. வழக்கைத் தொடுத்த பிரோமித்தியஸ் வானொலித் திட்டம், குறைந்த ஆற்றல் கொண்ட சமுதாய வானொலிகளுக்காகப் பாடுபட்ட சிறு அமைப்பு. அதன்பின் பதினேழு ஆண்டுகள் இந்த வழக்குகள் நீண்டன. 2021 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமித்த தீர்ப்பில் ஆணையத்தின் பக்கம் நின்றது. தளர்வால் சிறுபான்மையினரும் பெண்களும் நிலைய உரிமையாளராவது பாதிக்கப்படுமா என்பது குறித்துப் போதிய தரவு இல்லை என்பதை ஒப்புக்கொண்ட நீதிமன்றம், கையிலிருந்த தரவை வைத்து ஆணையம் எடுத்த முடிவு நியாயமான வரம்புக்குள்தான் இருக்கிறது என்றது. தரவைத் திரட்டவேண்டிய பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அங்கே விடையின்றி நின்றுவிட்டது என்பது என் ஆற்றாமை. பிறகு 2025 ஜூலையில் 8ஆம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், நான் முன்னே சொன்ன முதல் நான்கு நிலையங்கள் பற்றிய விதியையே நீக்கிவிட்டது. வானொலிக்கான உள்ளூர் வரம்புகளை அது தொடவில்லை. ஆகவே சூ ஃபால்ஸில் சிறப்பு விலக்குப் பெற்று நடந்தது இனி மற்ற சிறு சந்தைகளில் விலக்கே கேட்காமல் நடக்கலாம்.

இளங்கோ அவர்கள் சொன்ன மாற்று வழி கருதத்தக்கதே. ஆஸ்திரேலியா 2017இல் தன் உடைமை விதிகள் பலவற்றை நீக்கியபோதும், வட்டாரச் சந்தையில் குறைந்தது நான்கு தனித்த ஊடக உரிமையாளர்கள் இருக்கவேண்டும் என்ற விதியை வைத்துக்கொண்டது. வட்டாரத் தொலைக்காட்சி நிலையங்கள் உள்ளூர்ச் செய்திக்குப் புள்ளி சேர்க்கவேண்டும் என்ற கட்டாயமும் அங்கே உண்டு. ஆனாலும் வின் தொலைக்காட்சி 2019இல் ஆரஞ்சு, டப்போ, ஆல்பரி, வாகா வாகா ஆகிய ஊர்களின் செய்தியறைகளை மூடியது. புள்ளிகளைப் பெறச் செய்தித் துணுக்குகள் போதும், ஊரில் செய்தியறை இருக்கவேண்டும் என்பதில்லை. ஆகவே கட்டாயம் விதிப்பதென்றால் ஒலிபரப்பான நிமிடங்களை எண்ணாமல், அந்த ஊரில் குடியிருந்து பணிபுரியும் செய்தியாளர்களை எண்ணும் கட்டாயமாக அது இருக்கவேண்டும் என்பது என் கருத்து.

இளங்கோ

அந்தக் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடு. ஆனால் அந்தச் செய்தியாளரின் சம்பளத்தில் ஒரு பகுதியையாவது உரிமக் கட்டணத்திலிருந்தோ அலைக்கற்றை ஏலத் தொகையிலிருந்தோ தரவேண்டும். இல்லையென்றால் சிறு உரிமையாளர்தான் முதலில் உரிமத்தைத் திருப்பிக் கொடுப்பார்.

மணிமேகலை

கதிரவன், ஆய்வேட்டுக்கு ஒரு யோசனை. உரிமப் பட்டியலை வைத்து எண்ணுவதோடு நிற்காமல், ஒரு சிறு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு, அங்கே ஓராண்டில் நடந்த மாவட்டக் குழுக் கூட்டங்களிலும் பள்ளிக் குழுக் கூட்டங்களிலும் எத்தனை செய்தியாளர்கள் வந்து அமர்ந்தார்கள் என்று பாருங்கள். பல ஊர்களில் கூட்டக் குறிப்புகளும் காணொளிப் பதிவுகளும் இணையத்திலேயே கிடைக்கின்றன. செய்தியாளர் இருக்கை எங்கே என்று கூட்ட எழுத்தரைக் கேட்டால் காட்டிவிடுவார். நான் பணிசெய்த ஊரில் அது முதல் வரிசையின் இடக்கோடியில் இருந்தது. நான் படிப்பை முடித்து ஊரைவிட்டுப் புறப்பட்டபோது அதன்மேல் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.